கணினியும் அதன் காணித் தோம்பும்



காணியுடையோர்க்குத் தோம்பு என்னும் சொல் புதியதன்று. போர்த்துக்கேயர் தொடக்கி, ஒல்லாந்தர் விரித்தெழுதிய அவ்வேடுகளிலே, இன்ன குறிச்சியில் இன்ன பெயருடைய காணி, அதன் பரப்பு இவ்வளவு, அதனை ஆள்பவர் இன்னார் என்னும் விபரங்கள் பதியப்பட்டன. நிலம் பேசுவதில்லை, ஏடே அதற்காகப் பேசுகின்றது. ஏட்டிலே ஓர் எழுத்துப் பிழைத்துவிடின், ஒருவன் உழுத நிலத்தில் இன்னொருவன் விதைப்பான். ஈற்றில் இருவரும் நீதிமன்றப் படி ஏறுவர்.

இக்காலத்துக் கணினியின் உள்ளேயும் இத்தகைய தோம்பு ஒன்று உண்டு. அதனை எழுதுபவர் இலிகிதர் அல்லர்; ஒரு செய்நிரல். அது எழுதப்படுவது ஆண்டுக்கு ஒருமுறையன்று. ஒரு விநாடிக்குள் பல இலட்சம் முறை. வங்கியிலே ஒருவரின் கணக்கு இன்னொருவரின் கண்ணிற் படாதிருப்பதும், வைத்தியசாலையிலே ஒரு நோயாளியின் அறிக்கையில் இன்னொருவரின் விபரம் கலவாதிருப்பதும், இத்தோம்பு பிழையின்றி எழுதப்படுவதைப் பொறுத்தவையே. அது எவ்வாறு எழுதப்படுகின்றது, எங்கே பிழைக்கின்றது, கணினியின் சொந்த நிலத்துக்கு அப்பால் அயற் சாதனங்களிற் கிடக்கும் நிலத்தையும் அது எவ்வாறு தன் கணக்கிற் சேர்த்துக்கொண்டது என்பனவே இப்பேச்சின் பொருள்.

முதலில் நிலம் யாது எனக் காண்போர், கணினியின் நினைவகத்தை நோக்குதல் வேண்டும். கணினி ஒரு கணக்கைச் செய்யும்பொழுது, அதற்கு வேண்டிய எண்களையும் எழுத்துக்களையும் நினைவகத்திலே வைத்துக்கொள்கின்றது. ஒரே நேரத்தில் பல செய்நிரல்கள் ஓடுகின்றன. ஒன்று கடிதம் எழுதுகின்றது. ஒன்று பாட்டு இசைக்கின்றது. ஒன்று தொலைவிலிருந்து செய்தி பெறுகின்றது. இவை யாவும் அந்த ஒரே நிலத்திலேயே குடியிருத்தல் வேண்டும். எவர் எங்கே இருப்பது, எவர் எப்பொழுது வெளியேறுவது என்பதைத் தீர்மானிப்பது பணிசெயல் முறைமையின் உட்கரு. ஆங்கிலத்திலே கேர்னல் எனப்படுவது இதுவே.

உட்கருவானது நினைவகத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து ஆளுகின்றது. துண்டொன்றுக்குப் பக்கம் என்று பெயர். பெரும்பாலான கணினிகளில் ஒரு பக்கம் 4,096 பைட் கொண்டது. எட்டுக் கிகாபைட் நினைவகமுள்ள சாதாரணக் கணினியொன்றில் 2,097,152 பக்கங்கள் உண்டு. இத்தனை பக்கங்களுக்கும் தனித்தனியே ஒரு பதிவு வேண்டும். 1991ஆம் ஆண்டில், ஹெல்சிங்கி நகரப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிய லினக்ஸ் என்னும் உட்கருவிலே, ஒவ்வொரு பக்கத்தின் பதிவும் பெரும்பாலும் 64 பைட் இடம் பிடிக்கின்றது. அஃதாவது, நிலத்தில் அறுபத்துநான்கில் ஒரு பங்கு நிலத்தைப் பற்றிய ஏட்டுக்கே செலவாகின்றது. மேற்சொன்ன கணினியில் அவ்வேடு 128 மெகாபைட் அளவினது. லினக்ஸ் இன்று கோடிக்கணக்கான கைத்தொலைபேசிகளின் உள்ளும், உலகின் மிகப்பெரிய கணினிகளின் உள்ளும் ஓடுவதால், அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வது பொருத்தம்.

நினைவகத்தைப் பக்கங்களாக வகுத்துக் கணக்கு வைக்கும் வழக்கம் எங்கே தோன்றியது? இங்கிலாந்தின் மன்செஸ்டர் பல்கலைக்கழகத்திலே, தொம் கில்பேர்ன் என்பாரின் தலைமையிற் கட்டப்பட்ட அற்லஸ் என்னும் கணினி 1962ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் 7ஆம் நாள் தொடக்கி வைக்கப்பட்டது. அதன் விரைவான நினைவகம் 16,384 சொற்களை மட்டுமே கொள்ளத்தக்கது. அதற்குத் துணையாக, சுழலும் உருளையொன்றில் 98,304 சொற்களுக்கு இடமிருந்தது. விரைவான நினைவகத்தை 512 சொற்கள் கொண்ட 32 பக்கங்களாக அவர்கள் வகுத்தனர். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பதிவுக்கருவி அமைந்தது. அங்கே இன்ன பக்கம் இருக்கின்றது என்னும் இலக்கத்தோடு, இன்னும் இரு சிறு குறிகளுக்கும் அவர்கள் வழிசெய்தனர்.

ஒன்று, அப்பக்கம் அண்மையிற் பயன்பட்டதா என்பதைக் காட்டும் குறி. நினைவகம் நிரம்பியபொழுது, பயன்படாது கிடக்கும் பக்கத்தைத் தெரிந்தெடுத்து உருளைக்கு அனுப்ப அது உதவிற்று. மற்றது, பூட்டுக் குறி. உருளையோ பிறிதொரு சாதனமோ ஒரு பக்கத்திலே எழுதிக்கொண்டிருக்கும்பொழுது, வேறு செய்நிரல் அதனைத் தொடாதவாறு அக்குறி தடுத்தது. இப்பொருளை ஆராய்வோர் இரண்டாவது குறியை ஊன்றி நோக்குதல் வேண்டும். நினைவகத்தின் கணக்கு என்பது குடியிருப்பவரைப் பற்றிய கணக்கு மட்டுமன்று, வெளியிலிருந்து கைநீட்டும் சாதனங்களைப் பற்றிய கணக்குமாம் என்பதை முப்பத்திரண்டே பக்கங்கள் கொண்ட அந்தப் பழைய பொறியே அறிந்திருந்தது.

இன்றைய பதிவிலே உள்ளவை எவை? பக்கம் பூட்டப்பட்டிருக்கின்றதா, அதன் உள்ளடக்கம் வன்தட்டிலுள்ள மூலப்பிரதியிலிருந்து மாறுபட்டுவிட்டதா, இப்பொழுது வன்தட்டுக்கு எழுதப்பட்டுக்கொண்டிருக்கின்றதா என்பனவற்றைக் காட்டும் குறிகள் சில. அப்பக்கம் எந்தக் கோப்புக்கு அல்லது எந்தச் செய்நிரலுக்கு உரியது என்னும் சுட்டு ஒன்று. இவற்றோடு, எல்லாவற்றினும் முதன்மையாக, ஓர் எண் உண்டு. இப்பக்கத்தை இக்கணத்தில் எத்தனை பேர் பிடித்துக்கொண்டிருக்கின்றனர் என்பதே அவ்வெண். அதனைப் பிடிப்போர் தொகை எனலாம்.

பிடிப்போர் தொகையின் விதி மிக எளியது. பக்கத்தைத் தொடுமுன் தொகையில் ஒன்றைக் கூட்டுக. தொட்டு முடிந்தபின் ஒன்றைக் கழிக்க. தொகை பூச்சியமானால் மட்டுமே பக்கத்தை வேறொருவர்க்குக் கொடுக்க. பாடசாலை நூலகத்திலே, இரவல் வாங்கிய கடைசி மாணவன் திருப்பித் தரும்வரை நூலை இடாப்பிலிருந்து நீக்காத வழக்கம் போன்றது இது. விதி எளியதாயினும், அதனை மீறுவதால் வரும் கேடு எளியதன்று.

வலையமைப்பு அட்டையொன்றை எண்ணிப் பார்த்தல் தகும். தொலைவிலிருந்து வரும் செய்தியை, மத்திய செயற்பாட்டு அலகின் கையை எதிர்பாராது, அந்த அட்டை தானே நேராக நினைவகத்தில் எழுதவல்லது. இன்ன பக்கத்தில் எழுதுக என்று உட்கரு முன்னரே அதற்குச் சொல்லிவைக்கின்றது. இடையிலே அந்தச் செய்நிரல் முடிந்துவிட்டது என்க. உட்கருவானது, செய்நிரல் போய்விட்டதே என்று அப்பக்கத்தை விடுவித்து, வங்கிக் கணக்கொன்றைப் பார்க்கும் மற்றொரு செய்நிரலுக்கு ஒதுக்கிக் கொடுத்துவிட்டால் என்னாகும்? அட்டைக்கு இந்த மாற்றம் தெரியாது. அது தனக்குச் சொல்லப்பட்ட பக்கத்திலேயே எழுதிக்கொண்டிருக்கும். ஒருவரின் செய்தி இன்னொருவரின் கணக்கின்மேல் வந்து விழும். ஆளற்ற வீடென்று எண்ணிக் குடியேறியவனின் அடுப்பிலே, பழைய குடியின் வேலையாள் வந்து தண்ணீர் ஊற்றிய கதைதான். சாதனமும் ஒருவராக எண்ணப்பட்டு, அதன் பிடியும் தொகையிற் சேர்க்கப்பட்டாலன்றி இக்கேட்டைத் தடுக்க வழியில்லை.

இத்தொகையே பிழைபட்ட வரலாறும் உண்டு. லினக்ஸ் உட்கருவிலே அத்தொகை 32 இருமக்குறிகளால் எழுதப்படுகின்றது. அதிலே 4,294,967,296 வேறு வேறு எண்களுக்கே இடமுண்டு. அதற்கு மேலும் கூட்டினால், வண்டியின் தூரமானி நிறைந்து மீண்டும் பூச்சியத்துக்குத் திரும்புவது போல, தொகையும் பூச்சியத்தை அடையும். ஒரு பக்கத்தை அத்தனை பேர் ஒருங்கே பிடிப்பது நடவாத காரியம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. நினைவகம் சிறிதாயிருந்த காலத்தில் அக்கருத்துச் சரியே. அத்தனை பிடிகளைக் குறித்து வைப்பதற்கே இடம் போதாது. ஆனால் கணினிகள் வளர்ந்தன; கருத்து வளரவில்லை. ஏறத்தாழ 140 கிகாபைட் நினைவகமுள்ள பொறியிலே, தீய எண்ணமுடைய ஒருவர் அத்தொகையை வேண்டுமென்றே நிரப்பிப் பூச்சியத்துக்குத் திருப்ப முடியும் என்பது 2019ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவ்வாறு திரும்பின், நூறு கோடிக்கணக்கான பிடிகள் இருக்கவே, பக்கத்தை எவரும் பிடித்திருக்கவில்லை என்று ஏடு கூறும். உட்கருவும் ஏட்டை நம்பிப் பக்கத்தை வேறொருவர்க்குக் கொடுக்கும்.

அதே ஆண்டிலே அதற்குச் செய்யப்பட்ட திருத்தம் சிந்திக்கத்தக்கது. தொகையைப் பெரிதாக்கினால், கோடானுகோடிப் பதிவுகள் ஒவ்வொன்றும் பருத்து ஏடே நிலத்தை விழுங்கும். ஆகையால் அவர்கள் எண்ணைப் பெரிதாக்கவில்லை. தொகை தன் எல்லையின் அரைவாசியைக் கடந்துவிட்டதைக் கண்ட மாத்திரத்திலே, புதிய பிடி கேட்போர்க்கு இல்லை என்று மறுக்கும் வழக்கத்தைப் புகுத்தினர். அரைவாசி தாண்டிய கணக்கு நேர்மையான கணக்காயிருக்க முடியாது என்பது அவர்கள் கொண்ட முடிவு. கேட்டவர்க்கெல்லாம் கொடுத்து ஏட்டைக் கெடுப்பதினும், ஒருவர்க்கு மறுத்து ஏட்டைக் காப்பது மேல் அன்றோ?

இனி, பிடிப்போர் எல்லாரும் ஒரு தன்மையர் அல்லர் என்னும் உண்மைக்கு வருவோர், அதற்கு அடுத்த சிக்கலைக் காண்பர். ஒரு பக்கத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுப் போகின்றவர் ஒருவகை. அதிலே நெடுநேரம் எழுதப்போகும் சாதனம் இன்னொருவகை. இருவரும் தொகையில் ஒன்றையே கூட்டியபடியால், ஏட்டைப் பார்த்து எவர் எவ்வகையர் என்று அறிய முடியாதிருந்தது. இதனாற் கோப்பு முறைமை இடர்ப்பட்டது. அது ஒரு பக்கத்தை வன்தட்டிலே எழுதி, இப்பக்கம் மூலப்பிரதியோடு ஒத்திருக்கின்றது எனக் குறித்துவிட்டுத் தன் ஆயத்தங்களையெல்லாம் கலைத்துவிடும். பின்னர், முன்பே அனுமதி பெற்றிருந்த சாதனம் அப்பக்கத்திலே புதிதாக எழுதும். ஒத்திருக்கின்றது என்று ஏடு சொல்ல, பக்கமோ மாறிக் கிடக்கும். சிலவேளை எழுதியது வன்தட்டைச் சேராது மறையும். சிலவேளை கோப்பு முறைமை திடுக்கிட்டு முழுக் கணினியும் நின்றுவிடும்.

2020ஆம் ஆண்டில், லினக்ஸின் 5.7 எனப்பட்ட வெளியீட்டிலே, இதற்கு ஒரு வழி நடைமுறைக்கு வந்தது. சாதாரணமாகப் பிடிப்பவர் முன்போல ஒன்றையே கூட்டுவர். சாதனம் எழுதுவதற்கென்று பக்கத்தை இறுகப் பிடிப்பவரோ 1,024ஐக் கூட்டுதல் வேண்டும். விடும்பொழுதும் 1,024ஐக் கழித்தல் வேண்டும். புதிய இடம் எதுவும் தேவைப்படவில்லை. தொகை 1,024க்குக் குறைவாயின், எந்தச் சாதனமும் அப்பக்கத்தை இறுகப் பிடித்திருக்கவில்லை என்பது உறுதி. அதற்கு மேலாயின், பிடித்திருக்கக்கூடும்.

இங்கே கூடும் என்னும் சொல்லை நேயர்கள் கவனித்தல் வேண்டும். சாதாரணமாகப் பிடிப்போர் 1,024 பேர் ஒருங்கே சேர்ந்துவிட்டால், சாதனம் எதுவும் இல்லாமலே அத்தொகை வந்துவிடுமன்றோ? வரும். இதனை அமைத்தோர் மறைக்கவில்லை. அச்சோதனையைச் செய்யும் கட்டளைக்கு இட்ட பெயரிலேயே ஒருவேளை என்னும் பொருளுள்ள சொல்லைச் சேர்த்து வைத்தனர். பிழைத்தாலும் காக்கும் பக்கமாகப் பிழைக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. வெற்று வீட்டை ஆளிருக்கும் வீடென்று எண்ணிக் கதவைத் தட்டுவதால் நட்டமில்லை. ஆளிருக்கும் வீட்டை வெற்று வீடென்று எண்ணி இடிப்பதாலேயே நட்டம்.

இதுகாறும் பேசப்பட்டது, கணினியின் சொந்த நிலத்திலே வந்து எழுதும் சாதனங்களைப் பற்றி. சாதனத்தின் உள்ளேயே நிலமிருந்தால் என் செய்வது? கடந்த சில ஆண்டுகளாக உட்கருவை ஆக்குவோர் பெரிதும் உழைத்தது இவ்வினாவிலேதான். படங்களை வரையும் வரைவியல் அட்டை தனக்கென்று பல கிகாபைட் நினைவகம் உடையது. மின்சாரம் நின்றாலும் எழுதியதை மறவாத நிலைபேற்று நினைவகமும் இக்காலத்திலே தோன்றிற்று. இவை கணினியோடு பொருத்தப்படுகின்றன. ஆனால் கணினியின் பழைய தோம்பிலே இவற்றுக்கு வரியில்லை. தோம்பிற் பெயரில்லாக் காணியை விற்கவும் முடியாது, ஈடு வைக்கவும் முடியாது. அதுபோலவே, பதிவில்லாத நினைவகத்தைப் பிறசாதனத்துக்குச் சுட்டிக்காட்டி, இங்கே எழுதுக என்று சொல்ல உட்கருவின் பெரும்பாலான பகுதிகளால் இயலவில்லை.

2015ஆம் ஆண்டில், லினக்ஸின் 4.3 வெளியீட்டிலே, இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த டான் வில்லியம்ஸ் என்பாரின் முயற்சியால், சாதன நிலத்துக்கென்று தனி வலயம் ஒன்று வகுக்கப்பட்டது. அதன் பக்கங்களுக்கும் பதிவுகள் எழுதப்பட்டன. ஆயினும் அப்பக்கங்களை உட்கரு பொதுத் தேவைகளுக்கு ஒதுக்குவதில்லை. நிலம் சாதனத்துடையது, பதிவு மட்டுமே உட்கருவுடையது. இந்த வேறுபாடு ஏட்டிலே தெளிவாக நின்றது.

உடனே இன்னொரு சிக்கல் எழுந்தது. ஏட்டின் பருமன் நிலத்தில் அறுபத்துநான்கில் ஒரு பங்கு என முன்னர்க் கூறப்பட்டது. ஒரு டெராபைட் நிலத்துக்கு ஏடு 16 கிகாபைட் ஆகின்றது. 2019ஆம் ஆண்டில் இன்டெல் விற்பனைக்கு விட்ட ஒப்டேன் நிலைபேற்று நினைவகத்தில், 512 கிகாபைட் கொண்ட தட்டுகள் பன்னிரண்டை ஒரே பொறியிற் செருகலாம். ஆறு டெராபைட் நிலம்; அதற்கு 96 கிகாபைட் ஏடு! விரைவும் விலையும் மிக்க சொந்த நினைவகத்தை அயல்நிலத்தின் கணக்கே விழுங்கிவிடும் நிலை. இதனை முன்கூட்டியே உணர்ந்தோர், 2016ஆம் ஆண்டிலேயே, சாதனத்தின் ஏட்டைச் சாதனத்தின் நிலத்திலேயே எழுதிவைக்க வழிசெய்தனர். ஊர்க்கணக்கை ஊரிலேயே வைத்திருப்பது போன்ற ஏற்பாடு அது.

ஊர்க்கணக்கு ஊரோடே போய்விட்டால்? சாதனத்தைக் கழற்றினால், நிலமும் போகும், ஏடும் போகும். எவரேனும் அந்நிலத்தின் பக்கமொன்றைப் பிடித்திருக்கும்பொழுது அது நிகழ்ந்தால், அவர் கையில் எஞ்சுவது இல்லாத காணியின் உறுதி. ஆகையால், பக்கத்துக்குப் பக்கம் வைத்த தொகையோடு, சாதன நிலம் முழுவதற்குமாக இன்னொரு தொகையும் வைக்கப்பட்டது. சாதனத்தை நீக்க வேண்டுமெனின், இனிப் புதிய பிடி எவர்க்கும் இல்லை என்று முதலில் அறிவிக்கப்படும். பின், பழைய பிடிகள் ஒவ்வொன்றாக விடப்படும்வரை உட்கரு காத்திருக்கும். தொகை பூச்சியமான பின்னரே ஏடு கிழிக்கப்படும். அதன் பின்னரே நிலம் விடப்படும். அறிவித்தல், காத்திருத்தல், நீக்குதல் என்னும் இவ்வொழுங்கில் எந்த ஒன்றையும் முன்பின்னாக மாற்றலாகாது.

இச்சாதன நிலத்தின் ஏட்டிலே ஒரு விசித்திரமும் நெடுங்காலம் இருந்தது. சாதாரணப் பக்கத்திலே, தொகை பூச்சியமாயின் எவரும் பிடித்திருக்கவில்லை என்பது பொருள். சாதனப் பக்கத்திலோ, தொகை ஒன்றாயிருப்பதே எவரும் பிடிக்காத நிலையாகக் கொள்ளப்பட்டது. ஒரே எண்ணுக்கு இருவேறு பொருள். இதனால், பிடியை விடும் செய்நிரற் பகுதிகள், இது சாதாரணப் பக்கமா, சாதனப் பக்கமா என்று தனியே வினவிப் பார்க்க வேண்டியதாயிற்று. வினவ மறந்த இடம் பிழைக்கும் இடமாயிற்று. 2022ஆம் ஆண்டு தொடங்கி இவ்வழக்கம் படிப்படியாக நீக்கப்பட்டு, பூச்சியமே யாவர்க்கும் பூச்சியமாயிற்று. பள்ளிக்கூட இடாப்பிலே, ஒரு வகுப்பில் புள்ளடி வராதவனைக் குறிக்க, அடுத்த வகுப்பில் அதே புள்ளடி வந்தவனைக் குறித்தால், அவ்விடாப்பை எவர் நம்புவர்?

வரைவியல் அட்டையின் நிலமோ இன்னொருவகைச் சிக்கலுடையது. அதன் நினைவகத்தை மத்திய செயற்பாட்டு அலகு பல பொறிகளில் நேராகப் படிக்கவே முடியாது. ஆயினும், பெருங்கணக்குகளை விரைவாகச் செய்ய, செய்நிரலின் பக்கங்களை அட்டைக்கு அனுப்ப வேண்டியிருக்கின்றது. 2017ஆம் ஆண்டில், ஜெரோம் கிளிஸ் என்பார் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய ஏற்பாடு 4.14 வெளியீட்டிற் சேர்ந்தது. பக்கம் அட்டைக்குச் செல்லும்பொழுது, அது முன்னிருந்த இடத்தைக் காட்டும் வரியிலே, இப்பக்கம் இன்ன சாதனத்திடம் இருக்கின்றது என்னும் சிறப்புக் குறிப்பு எழுதப்படுகின்றது. செய்நிரல் அதனைத் தேடிவந்தால், குறிப்பைக் கண்ட உட்கரு செய்நிரலைச் சற்றே நிறுத்தி, சாதனத்தின் செலுத்தியை அழைத்துப் பக்கத்தைத் திருப்பிக் கொணர்விக்கின்றது. பின்னர் செய்நிரலை விடுகின்றது. செய்நிரலுக்கோ பக்கம் ஊர் போய் வந்த செய்தியே தெரியாது. மெய்ப்பிரதி இக்கணம் எவரிடம் உள்ளது என்பதை ஏடு ஒருபொழுதும் மறவாதிருத்தலே இதன் உயிர்நாடி.

நிலமே கெட்டுப்போவதும் உண்டு. நினைவகச் சில்லுகள் பழுதடைவன. 2009ஆம் ஆண்டில், 2.6.32 வெளியீட்டிலே, பழுதுற்ற பக்கத்தை நஞ்சுற்றது எனக் குறிக்கும் வழக்கம் லினக்ஸில் வந்தது. அப்பக்கத்தின் மாற்றமற்ற பிரதி வன்தட்டிலே இருக்குமாயின், உட்கரு பழுதுற்ற பக்கத்தை ஓசையின்றி ஒதுக்கிவிட்டு, நல்ல பிரதியை வேறிடத்திலே படித்துக்கொள்கின்றது. பக்கம் மாற்றமுற்று, அதன் ஒரே பிரதியும் அதுவாகவே இருந்ததாயின், மீட்க வழியில்லை. அப்பொழுது உட்கரு அதனைப் படிக்க வந்த செய்நிரலையே நிறுத்திவிடுகின்றது. கொடிய தீர்ப்பாகத் தோன்றலாம். ஆனால் கெட்ட எண்ணை நல்ல எண் என்று நம்பி ஒரு நோயாளிக்கு மருந்தின் அளவு கணிக்கப்படுவதை நினைப்போர், நின்றுபோன செய்நிரல் பொய் சொல்லும் செய்நிரலினும் நன்று என்பதை ஒப்புவர். நின்றதை மீண்டும் தொடக்கலாம். பொய்யைப் பின்தொடர்ந்து பிடிப்பது அரிது.

ஒப்டேன் நினைவகத் தொழிலைக் கைவிடுவதாக இன்டெல் நிறுவனம் 2022ஆம் ஆண்டில் அறிவித்தது. எந்தப் பொருளுக்காக அந்தத் தனி வலயமும் அதன் ஏடும் எழுந்தனவோ, அப்பொருள் சந்தையினின்றும் நீங்கும் நிலை வந்தது. ஆயினும் அதற்கென எழுதப்பட்ட ஏடு வீண் போகவில்லை. வரைவியல் அட்டைகளின் நிலமும், கணினிக்கு வெளியே இணைக்கப்படும் புதுவகை நினைவகங்களின் நிலமும் இன்று அவ்வேற்பாட்டின்மீதே தங்கியிருக்கின்றன. தோம்பு எழுதுவித்த அரசுகள் போயின. அவை எழுதுவித்த ஏடுகளோ பின்வந்தோர்க்கும் பயன்பட்டன. அதனை ஒத்ததே இதுவும்.

நேயர்களே, இதுகாறும் கூறியவற்றின் சாரம் ஒன்றே. உரிமையாளர் பெயரை மட்டும் எழுதும் ஏடு போதாது. இக்கணத்தில் எவர் பிடித்திருக்கின்றனர், எதற்காகப் பிடித்திருக்கின்றனர், அவர் விட்டுவிட்டாரா என்பனவும் எழுதப்படல் வேண்டும். பிடிக்குமுன் எழுதவும், விட்டபின் அழிக்கவும் தவறாத ஒழுங்கு வேண்டும். ஐயம் வந்தவிடத்துக் காக்கும் பக்கமாகச் சாய்தல் வேண்டும். அற்லஸ் கணினியின் 32 பக்கங்களுக்கும், இன்றைய பொறிகளின் கோடிக்கணக்கான பக்கங்களுக்கும் விதி இதுவே.

கணினியின் வேகத்தைப் புகழ்வோர் பலர். அதன் கணக்குப்பிள்ளையை நினைப்போர் சிலர். வங்கியின் கருமபீடத்தில் ஒரு முதியவர் தம் சேமிப்பின் மிச்சத்தைக் கேட்க, எழுத்தாளர் பொத்தானை அழுத்த, திரையிலே சரியான தொகை தோன்றுகின்றது. அந்த ஒரு விநாடிக்குள், அம்முதியவரின் கணக்கு அமர்ந்த பக்கத்தின் பதிவிலே ஒன்று கூட்டப்பட்டது. வேலை முடிந்ததும் ஒன்று கழிக்கப்பட்டது. அவர் அதனை அறியார். அறியாமலே நம்பிப் பணத்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகின்றார்.